நேரில் வந்து பேசவும்

டோக்கன் எண் பதினேழு. இப்போதுதான் ஒன்பதைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்பதாம் எண்காரர் டீ குடிக்க வெளியே போய்விட்டாராம், வாட்ச்மேன் தேடிப் போயிருக்கிறார், அவர் கிடைத்து, வந்து, நோட்டில் கையெழுத்துப் போட்டு, அதற்கப்புறம் பத்து, பதினொன்று என்று வரவேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றாலும் முக்கால் மணி நேரம் இந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துதான் ஆகவேண்டும் என்று செண்பகவல்லி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். மாதத்தின் முதல் ஞாயிறு பிள்ளைகளைப் பார்க்க வருகிற நாள். வார்டன் அறைக்குப் போய்த் தலையைக் காட்டினால்தான் விடுதிக்குள்ளிருந்து பிள்ளையை அனுப்புவார்கள். மற்ற மாதங்களில் இந்தக் காத்திருப்பு அவளுக்குப் பிடிக்கும். திருப்பூரில் வாரத்துக்கு ஆறு நாள் நின்றுகொண்டே பனியனைப் புரட்டிப் புரட்டி ஓட்டை தேடுகிற கால், ஒட்டன்சத்திரம் தாண்டி இந்த வேப்ப மர நிழலில் ஒரு மணி நேரம் நீட்டிக்கொண்டு கிடந்தால் யாருக்கு என்ன நஷ்டம். இன்றைக்குத்தான் உட்காரவே முடியவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போனில் வந்த அந்தச் செய்தி. 'சுபிக்ஷா பற்றி நேரில் வந்து பேசவும். காப்பாளர்.' அவ்வளவுதான். கையில் பிசைந்த சோற்றோடு அதை ஏழெட்டுத் தடவை படித்தாள். நல்லா இருக்கா என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போனுக்குக் கை வலிக்குமா? திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. சாயங்காலம் ஆபீசில் யாரோ எடுத்து, "மேடம் ஞாயித்துக்கிழமை பேசுவாங்கம்மா, பயப்படாதீங்க" என்றார்கள். பயப்படாதீங்க என்று சொன்னதும்தான் நிஜமாகவே பயம் பிடித்துக்கொண்டது.

நேரில். நல்ல விஷயத்தை எவராவது நேரில் வரச்சொல்லிப் பேசுவார்களா? மார்க் நிறைய வாங்கியிருந்தால் போனிலேயே சொல்லலாம், ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்திருந்தால் போட்டோ அனுப்பலாம். இளையவன் முகிலனுக்கு மூன்று வயதில் முதல் தடவை வலிப்பு வந்த மறுநாள், ஸ்கேன் எடுத்த இடத்தில் அந்தப் பெண்ணும் இதைத்தான் சொன்னாள், ரிப்போர்ட்டை நேர்ல வாங்கிக்கங்க, டாக்டர் பேசுவாரு என்று. அன்றிலிருந்து அந்த வார்த்தையே ஆகாது. அந்த டாக்டர் நல்ல மனுஷர்தான், படம் போட்டு விளக்கினார், இது தொத்து வியாதி இல்லம்மா, மாத்திரையை விடாமல் கொடுத்தால் பையன் நன்றாக வருவான் என்றார். போகிற போக்கில் இவள்தான் வாயைக் கொடுத்தாள், மூத்தவளுக்கும் வருமா சார் என்று. கூடப் பிறந்தவங்களுக்கு மத்தவங்களைவிட வாய்ப்பு கொஞ்சம் கூடத்தான், ஆனா அதுக்காகப் பயப்பட வேண்டாம் என்றார். அவர் சொன்ன மற்றதெல்லாம் காற்றோடு போய்விட்டது, அந்தக் 'கொஞ்சம்' மட்டும் நான்கு வருஷமாக உள்ளேயே இருக்கிறது. கொஞ்சம் என்றால் எவ்வளவு? அதனால்தான் இன்றைக்கு விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பும்போது முறுக்கு டப்பாவுக்கு அடியில் முகிலனின் ஆஸ்பத்திரி ஃபைலையும் வைத்து எடுத்து வந்திருக்கிறாள். புருஷன் சங்கரபாண்டி பார்த்துவிட்டு, "பிள்ளையப் பாக்கப் போறவளுக்கு அவன் ஃபைலு எதுக்குட்டி?" என்றார். "இருக்கட்டும்" என்றாள். கூடை மடியில் கனக்கிறது. ஃபைல் கனமா முறுக்கு கனமா தெரியவில்லை.

பக்கத்தில் இருந்த பெண் தாராபுரத்துக்காரி, பெயர் கோமதி, டோக்கன் பதினெட்டு. வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. "எம் புள்ள ஆறாவதுங்க. மொத ரெண்டு மாசம் அழுது ஊரக் கூட்டுனா. இப்ப பாருங்க, லீவுக்கு வந்தா தட்டைக் கழுவிக் கவுத்து வெக்கறா, பாவாடைய மடிச்சு வெக்கறா. நானு சொன்னா கேப்பாளுங்களா? அம்பது அறுபது புள்ளைங்க செய்யறதப் பாத்துச் செய்யறாளுங்க. சுரைக்காயே திங்கமாட்டா, இங்க ரெண்டாவது தடவ வாங்கித் திங்கறாளாமா." செண்பகம் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே, என் பிள்ளைக்குத் தட்டுக் கழுவ யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை தாயே என்று நினைத்துக்கொண்டாள். எட்டு வயதில் சோறு வடிப்பாள், ஒன்பது வயதில் தம்பிக்கு எந்த மாத்திரை முழுசு, எந்த மாத்திரை பாதி என்று அம்மாவுக்கே திருத்தம் சொல்வாள். தெருவில் அவனுக்கு வலிப்பு வந்து விழுந்துவிட்டான் என்றால் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் சாவிக் கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள், கையில் இரும்பு கொடுத்தால் நின்றுவிடும் என்று. இந்தப் பொடிசு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நிற்கும். கொடுக்கக் கூடாது, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாயில எதுவும் வைக்கக் கூடாது, டாக்டர் சொல்லியிருக்காரு. ஐம்பது வயது ஆளெல்லாம் அந்தக் குரலுக்கு ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். லைன் வீட்டில் அத்தனை பேரும் சொன்னார்கள், செண்பகம், நீ பெத்தது பிள்ளை இல்ல, இன்னொரு அம்மா. அதைக் கேட்டு இவளுக்குப் பெருமை பிடிபடவில்லை, அதைத்தான் இன்றைக்கு நினைத்தால் தாங்க முடியவில்லை. பெருமைப்பட்டாளே. போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாளே.

அந்தப் பெருமை தப்பென்று யார் பார்த்துச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை, அவளேதான் பார்த்தாள். போன ஏப்ரலில் ஒருநாள் கம்பெனியில் கரண்டு இல்லை என்று மூன்று மணிக்கே விட்டுவிட்டார்கள். சந்து முழுக்கப் பிள்ளைகள், நொண்டி விளையாடுகிறார்கள், ஒரே கூச்சல். சுபிக்ஷாவும் இருக்கிறாள், அப்பாடா, பிள்ளை விளையாடுகிறது என்று நினைத்துக்கொண்டே கிட்டே வந்தால், விளையாடவில்லை. வாசல்படியில் ஒரு காலை வெளியே வைத்து, ஒரு காலை வீட்டுக்குள் வைத்து நின்றுகொண்டு, நீ கோட்டை மிதிச்சுட்ட, நீ அவுட்டு, உனக்கு மூணு பாயிண்ட் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு கண் கட்டத்தில், ஒரு கண் உள்ளே பாயில் படுத்திருக்கிற தம்பியின் மேல். நீ விளையாடலையாட்டி என்று கேட்டதற்குப் பக்கத்து வீட்டுப் பொடியன்தான் பதில் சொன்னான், "சுபிக்கா எப்பவுமே அம்பயருதான்." எப்பவுமே. எத்தனை வருஷமாக? செண்பகத்தின் வேலையே பழுது கண்டுபிடிப்பதுதான். ஊசி விட்டுப்போன ஒரு தையல், எண்ணெய்ப் புள்ளி, சாயம் மங்கின ஒரு விரல்கடை இடம், எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது, சட்டென்று சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவாள். ஊரான் பனியனில் அத்தனை பழுதையும் கண்டுபிடித்தவள் பெற்ற பிள்ளை நான்கு வருஷமாக வாசல்படியிலேயே நிற்பதைப் பார்க்கவில்லை. அன்றைக்கு ராத்திரி சங்கரபாண்டியிடம், பிள்ளையை ஹாஸ்டலில் விடணும் என்றாள். அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அவ இல்லாட்டி முகிலன யாரு பாப்பா என்றார். அந்தக் கேள்வியால்தான், அந்த ஒரே கேள்வியால்தான் அவள் முடிவு பண்ணினாள்.

பதிமூன்று. வாட்ச்மேன் குரல் கணீரென்று கேட்கிறது. மரத்துக்கு அந்தப் பக்கம் கொடியில் வரிசையாக நீலப் பாவாடைகள் காய்கின்றன, ஒவ்வொன்றின் இடுப்பிலும் வெள்ளை நூலில் எண். சுபிக்ஷாவுடையது நாற்பத்தெட்டு, சேர்க்கிறதுக்கு முன்னால் மே மாதக் கடைசியில் உட்கார்ந்து செண்பகமே தைத்தது. கண் அதைத் தேடுகிறது. நாற்பத்தாறு இருக்கிறது, ஐம்பத்தொன்று இருக்கிறது, நாற்பத்தெட்டைக் காணோம். ஏன் காணோம்? துவைக்கக்கூட முடியாமல் படுத்திருக்கிறாளோ? பாத்ரூமில் விழுந்திருப்பாளோ, ஈரத் தரை, பக்கத்தில் யாருமில்லாமல், ஒருக்களித்துப் படுக்க வைக்கத் தெரியாத பிள்ளைகள், யாராவது சாவியைக் கொண்டுவந்து கையில் திணித்திருந்தால், ஐயோ, அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்தவளுக்கு ஒரு ஆளில்லாமல். செண்பகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வேர்க்குதுங்களா?" என்று கோமதி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தாள். அங்கேயே, இரண்டாவது கொடியின் ஓரத்தில், நாற்பத்தெட்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மகாராணி ஒரே ஒரு கிளிப்பை மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். வீட்டில் என்றால் மூலைக்கு மூலை நீவி நான்கு கிளிப் போடுவாள். இதைப் பார்த்து நிம்மதி வர வேண்டுமா, கவலை வர வேண்டுமா?

உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், பிள்ளை போன பிறகு வீடு லேசாகிவிட்டது. இதை யாரிடம் சொல்ல முடியும்? பெற்ற பெண்ணை அனுப்பிவிட்டு வீடு லேசாகிவிட்டது என்று எந்தத் தாய் சொல்வாள்? ஆனால் அதுதான் நிஜம். அவள் இருந்தவரை ஒரு கண் செண்பகத்தைப் பின்தொடர்ந்துகொண்டே இருக்கும். அம்மா மாத்திரை டப்பாவைத் திறந்தாளா, அம்மா ஏன் இரண்டு தடவை பெருமூச்சு விட்டாள், அம்மா அழுதாளா. பிள்ளைக்குத் தெரியாமல் அழக்கூட இடமில்லாத ஒற்றை அறை வீடு. முதல் மாதம் சங்கரபாண்டி முறைத்துக்கொண்டு திரிந்தார், இரண்டாவது மாதம் ஒன்றரை ஷிப்டை விட்டுவிட்டு ஐந்தரைக்கே வீட்டுக்கு வர ஆரம்பித்தார், மூன்றாவது மாதம் ஒருநாள் இவள் வேலை முடிந்து வரும்போது, வலிப்பு வந்து ஓய்ந்து தூங்குகிற பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு, நோட்டுல எழுதிட்டேன் என்றார். நான்கு வருஷமாக அந்த மனுஷனுக்கு வலிப்பு வருகிற நேரமெல்லாம் பீடி வாங்கப் போகிற நேரமாக இருந்தது. மகள் இருந்தவரை அவர் கற்றுக்கொள்ளவேண்டிய அவசியமே வரவில்லை, அதுதான் விஷயம். முகிலன் மட்டும் என்ன, அக்கா ஊட்டினால்தான் மாத்திரை என்று அடம் பிடித்தவன் இப்போது தானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நாக்கை நீட்டிக் காட்டுகிறான். எல்லாம் நன்றாகத்தான் போகிறது, செண்பகத்துக்கு அதுவே உறுத்துகிறது. அவளை எடுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்றால் இத்தனை நாள் அவளை எதற்கு நிறுத்தி வைத்தோம்?

ஆகையால் வலிப்பைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவள் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டால்? உங்க பொண்ணுக்கு இங்க ஒட்டலம்மா, யாரோடயும் சேரமாட்டேங்குது, ஓரமா நிக்குது, கூட்டிட்டுப் போயிருங்க என்று வார்டன் சொல்லிவிட்டால்? அதைத்தான் நேரில் சொல்வார்கள். இங்கேயும் ஒரு வாசல்படியைப் பிடித்துக்கொண்டு, இங்கேயும் யாருக்கோ மாத்திரை எண்ணிக்கொண்டு, காய்ச்சல்காரப் பிள்ளைக்குத் துணி நனைத்துப் போட்டுக்கொண்டு இருந்தால்? ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது முதல் கேள்வி தம்பிக்கு வந்துச்சா என்பதாகத்தானே இருந்தது, ஜூனில், ஜூலையில். இல்லட்டி, வரல என்று இவள் பொய் சொன்னாள். அப்புறம் கேட்கிறாளா? போன வாரம் என்ன பேசினாள், ஏதோ ஒரு ஜெசிந்தா, அவள் தலையில் பேன், பார்ப்பதற்குள் நேரம் முடிந்து அடுத்த பிள்ளை போனைப் பிடுங்கிவிட்டது. கூட்டிட்டுப் போங்க என்று சொன்னால் கூட்டிக்கொண்டு போகத்தான் வேண்டும். பெற்றவள் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வேண்டாம் என்றுதான் மனசு சொல்கிறது. பாசம் இல்லாமலா? இல்லை. வா என்று கூப்பிட்டால் அவள் வந்துவிடுவாள், மறுபேச்சுப் பேசாமல் வந்து அதே படியில் ஒரு காலை உள்ளே வைத்து நின்றுவிடுவாள், அதனால்.

"பதினேழு." எழுந்தபோது கால் மரத்துப் போயிருந்தது. வார்டன் ரோஸ்லின் மேடம், ஐம்பதை ஒட்டிய, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசுகிற அம்மாள், உட்காரச் சொன்னார். முகத்தில் சிரிப்பில்லை. செண்பகம் உட்காரவில்லை, கூடையிலிருந்து ஃபைலை உருவி மேஜைமேல் வைத்துவிட்டாள். முறுக்கு டப்பா கூடவே வந்து உருண்டது. "மேடம், இது அவ தம்பியோடது. மூணு வயசுல வந்தது. டாக்டர் கொஞ்சம்தான் வாய்ப்புன்னாரு. எத்தனை நிமிஷம் இருந்துச்சு மேடம்? கீழ விழுந்து அடி பட்டிருச்சா? நாக்கைக் கடிச்சுக்கிட்டாளா?" மேடம் ஸ்கேன் படத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "என்னம்மா இதெல்லாம்? உங்க பொண்ணு குத்துக்கல்லாட்டம் இருக்கா. அவளுக்கு ஒண்ணும் இல்ல. எங்களுக்குத்தான் பிரஷர் ஏறிக் கெடக்கு." அதற்கப்புறம் மேடம் சொன்னது செண்பகத்தின் காதில் துண்டு துண்டாக விழுந்தது. விடுதியில் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்புவதற்கு ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. அதை அடிக்கிற கம்பியைப் புதன்கிழமை ராத்திரி யாரோ எடுத்து மளிகை ரூமில் அரிசி மூட்டைக்குள் புதைத்துவிட்டார்கள். எழுப்புகிற ஆயா கம்பியைத் தேடித் தேடி, தேடின இடத்திலேயே உட்கார்ந்து அசந்துவிட்டது. அறுபத்திரண்டு பிள்ளைகளும் ஏழு மணிவரை தூங்கியிருக்கின்றன. படிப்பு போச்சு, பிரேயர் போச்சு, இட்லி ஆறிப்போச்சு. "மத்தியானம் சமையல்காரம்மா அரிசி அளக்கறப்பக் கம்பி வந்துச்சு. வரிசையில நிக்கவச்சுக் கேட்டேன். ஒருத்தி வாயத் தொறக்கல. அந்த ஜெசிந்தாவுக்குத் தெரியும், எனக்கே தெரியும் அவளுக்குத் தெரியும்னு. சொல்லவே இல்ல. மறுநாள் வெள்ளிக்கிழமை இவளே வந்து, நாந்தான் மேடம்னு நிக்கறா."

வாசல்பக்கம் நிழல் ஆடியது. சுபிக்ஷா வந்து நின்றாள், தலை குனிந்து, முழங்காலில் காய்ந்த புண், ஒரு பக்கம் ரிப்பன் அவிழ்ந்து. செண்பகம் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், வழக்கம்போலப் பழுது தேடுகிற பார்வைதான், சட்டையில் ஒரு பொத்தான் இல்லை, நகத்தில் அழுக்கு, கழுத்தில் பவுடர் திட்டு, எதற்கும் ஸ்டிக்கர் ஒட்டத் தோன்றவில்லை. குரலைக் கடுமையாக்கிக்கொண்டு, "எதுக்குட்டி எடுத்த?" என்றாள். அந்தப் பிள்ளை கட்டைவிரலால் தரையைத் தேய்த்தபடி சொன்னது, "சும்மாதாம்மா." சும்மா. பிறந்து பன்னிரண்டு வருஷத்தில் இந்தப் பெண் எதையாவது சும்மா செய்திருக்கிறாளா? நடந்தால் தம்பிக்காக, உட்கார்ந்தால் அம்மாவுக்காக, சிரித்தால்கூட வீட்டில் சத்தம் இருக்கட்டும் என்பதற்காக. வெள்ளிக்கிழமையிலிருந்து செண்பகம் சுமந்துகொண்டிருந்த பயம் அப்படியே இறங்கிப் போனது. மேடம் பார்க்கிறார் என்பதற்காக, "அறிவிருக்கா ஒனக்கு?" என்றும் ஒன்று கேட்டுவைத்தாள்.

"விதின்னு ஒண்ணு இருக்கும்மா. பெத்தவங்க மன்னிப்புக் கடிதம் எழுதித் தரணும். அதுக்குத்தான் நேர்ல வரச் சொன்னது" என்று மேடம் வெள்ளைத் தாளையும் பேனாவையும் தள்ளினார். செண்பகம் எட்டாவதுவரை படித்தவள், எழுத்து குண்டு குண்டாக வரும். மதிப்பிற்குரிய காப்பாளர் அவர்களுக்கு என்று எழுதினாள். என் மகள் சுபிக்ஷா மணி அடிக்கும் கம்பியை எடுத்து ஒளித்து வைத்தது தவறு, மன்னிக்கவும் என்று எழுதினாள். அப்புறம் பேனா நின்றது. பக்கத்தில் பிள்ளையின் மூச்சு கேட்கிறது, எட்டிப் படிக்கிறாள் போல, தலையிலிருந்து விடுதிச் சீயக்காய் வாசம். செண்பகம் இன்னொரு வரி எழுதினாள். வீட்டில் இருந்தவரை இவள் இப்படி ஒருநாளும் செய்ததில்லை.

மேடம் தாளை வாங்கிப் படித்தார். "எல்லாரும் கடைசியில இந்த வரியத்தான் எழுதுறீங்க. வீட்ல பூனை, இங்க வந்து புலின்னு."

"இது நெசம் மேடம்" என்றாள் செண்பகம்.

"சரி, இனிமே செய்யமாட்டான்னு எழுதலையே? அது இல்லாம ஃபைல்ல வைக்க முடியாது."

செண்பகம் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். மகளைப் பார்த்தாள். மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே ஒரு பிள்ளை, ஜெசிந்தாவாகத்தான் இருக்கும், சீக்கிரம் வாடி என்று கையைக் காட்டிக் காட்டிக் குதித்துக்கொண்டிருந்தது. செண்பகம் நன்றாக யோசித்து, ஒவ்வோர் எழுத்தாக, இனிமேல் மணிக்கம்பியை எடுக்கமாட்டாள் என்று எழுதினாள். மற்ற குறும்பைப் பற்றி ஒன்றும் எழுதாமல் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.